ஓடை விழும் பக்கத்துப் பனி

இஞ்சாருங்கோ, என் அன்பான அன்ரன்,

நீங்கள் இருந்தபோது நான் சத்தம் போடத் தொடங்கினால் தூண்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். இப்போது போக வழியில்லை. இருந்து கேளுங்கள்.

அடுத்த மாதம், அந்த உறைந்த ஏரியின் பனி உடைந்து நீங்கள் மூழ்கிப் போய் இரண்டு வருடம். பூசைக்குச் சொல்லிவிட்டேன். நினைவு அட்டையும் அடிக்க வேண்டுமென்று என் அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறார். உங்கள் படத்துக்குக் கீழே 'அஞ்சா நெஞ்சன்' என்று போடவேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்களா அஞ்சா நெஞ்சன்? அடுப்பை அணைத்தோமா என்று குரோருட் ஸ்டேசனிலிருந்து திரும்பி ஓடி வந்த மனிதர். பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்த்த பிறகும் என்னையும் ஒருக்கால் பார்க்கச் சொன்ன மனிதர். உங்களை இவர்கள் எப்போதுதான் பார்த்தார்கள்?

அட்டையோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். நம் மகள் ரெஜினா, நீங்கள் போன அதே ஏரியில் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறாளாம். உங்கள் தூண்டிலைத் துடைத்து வைத்திருக்கிறாள். அண்ணன் கேள்விப்பட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பெட்டைக்கு அப்பன்ரை மூளை. ரத்தத்திலை வந்தது. ஐஸிலை கால் வைக்க விட்டியோ, இதையும் நீ பறிகுடுப்பாய்."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. உங்களைப் பறிகொடுத்த வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால், நான் எதைப் பிடித்துக்கொண்டு இல்லை என்று சொல்வது?

அந்த நேரம் பார்த்து இன்னொன்றும் நடந்தது. ரெஜினா இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே சிலர், ஆபத்தான காரியத்தில் துணிந்து இறங்குகிறவர்களின் குணத்தையும் மூளையையும் பற்றி ஆராய்கிறார்கள். இவளும் பெயர் கொடுத்துவிட்டாள். நானும் கூடப் போனேன். பெரிய குழாய் மாதிரி ஒரு மிஷினுக்குள் படுக்க வைத்து ஒரு விளையாட்டுக் கொடுத்தார்களாம். பொத்தானை அமத்த அமத்தத் திரையில் ஒரு பலூன் பெருக்கும், புள்ளியும் கூடும். வெடித்தால் அவ்வளவும் போய்விடும். எங்கே நிறுத்துகிறாய் என்பதுதான் கேள்வி.

முடிந்து வந்ததும் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் நேராகவே கேட்டேன். நான் கேட்டதை ரெஜினா வெட்கத்தோடு நொஸ்க் மொழியில் மாற்றிச் சொன்னாள்.

"என்ரை பிள்ளைக்கு அந்த மூளை இருக்கோ, இல்லையோ?"

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினாள். மூளையின் முன்பக்கம் யோசித்து நிறுத்துமாம். உள்ளே வேறொரு பகுதி 'எடு, எடு' என்று ஆசை காட்டுமாம். இரண்டும் தங்களுக்குள் எப்படிக் கதைக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் வித்தியாசமாம். புதிதைத் தேடிப் போகும் குணம் வேறு, யோசிக்காமல் கை வைக்கும் குணம் வேறாம். ஆனால் இதெல்லாம் பலபேரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வதாம். ஒரு பிள்ளையைப் பிடித்து இவள் இப்படித்தான் என்று சொல்ல முடியாதாம்.

"இவ்வளவு பெரிய மிஷினை வைச்சுக்கொண்டு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லேலாதெண்டா, பிறகென்னத்துக்கு உது?"

"அம்மா, இதை நான் மொழிபெயர்க்க மாட்டன்" என்றாள் உங்கள் மகள்.

என் முகமே மொழிபெயர்த்திருக்க வேண்டும். அந்தப் பெண் எனக்கு ஒரு கோப்பி வார்த்துத் தந்துவிட்டு, உங்களுக்கு என்ன நடந்ததென்று கேட்டாள். சொன்னேன். வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டே நீங்கள் சொன்னதையும் சொன்னேன்.

"ஓடை விழுற பக்கம்தான் போறன். ஆத்து வாயிலைதான் மீன் நிக்கும். எங்கடை ஊர் பேசாலையிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்."

அவள் தன் கோப்பையைக் கீழே வைத்தாள். ஓடை விழும் இடத்தில் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பனி அங்கேதான் மெல்லிசு, இங்கே சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுப்பார்கள் என்றாள். பிறகு கேட்டாள்: "அவருக்கு அது ஆபத்தென்று தெரியுமா?"

தெரியாது. உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அடுப்புக்காகத் திரும்பி வந்தவர் அதற்கும் திரும்பி வந்திருப்பீர்கள். மீனைப் பற்றி மன்னார்க் கடல் சொல்லித் தந்ததை நம்பி நடந்தீர்கள், அவ்வளவுதான். ஏன் ஒருவரையாவது கேட்கவில்லை? பக்கத்துக் கட்டடத்து நொஸ்க்கர் பனியில் மீன் பிடிக்கிறவர்தானே, பஸ் தரிப்பில் தினமும் கண்டு சிரிப்பீர்களே! இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்ப் போட? வீரத்தால் போனீர்கள் என்றால் பெருமையாவது மிஞ்சும். தெரியாமல் போனீர்கள் என்றால் என்ன மிஞ்சும்?

வீட்டுக்கு வரும்போது ரெயினில் ரெஜினாவிடம் கேட்டேன்.

"நீ எவ்வளவு ஊதினனி?"

"முதல்லை டப்பெண்டு வெடிச்சுப்போச்சு. பிறகு பார்த்துப் பார்த்துத்தான் ஊதினன்."

பிறகு ஜக்கெற்றைத் திறந்து காட்டினாள். உங்கள் மாதா சுரூபச் சங்கிலியோடு கழுத்தில் இரண்டு சின்னக் கூர் ஆணிப் பிடிகள் தொங்கின. பனி உடைந்தால் குத்தி ஏறுவதற்காம். ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையில் வாங்கினாளாம். பனியின் தடிப்பை எப்படி அளப்பதென்று அந்தப் பக்கத்துக் கட்டடத்து மனிதரிடம் போய்க் கேட்டும் வைத்திருக்கிறாள். நீங்கள் கேட்காததை உங்கள் மகள் கேட்டுவிட்டாள். ரெயினுக்குள் அழுதுவிட்டேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அட்டையில் பெயரும் திகதியும் போதும். பட்டம் வேண்டாம். கோபித்துக்கொண்டு ஃபோனை வைத்துவிட்டார். வைக்கட்டும்.

இந்தச் சனிக்கிழமை குளிர் குறையவில்லையென்றால் அவளோடு நானும் ஏரிக்குப் போகிறேன். பயம்தான். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன்: துளை போட்டு அளக்காமல் ஓரடி வைக்க விடமாட்டேன். ஓடை விழும் பக்கம் அவள் திரும்பினால் தலைமயிரில் பிடித்து இழுத்து வருவேன். மீன் இல்லாத பக்கத்திலேயே இருவரும் குந்தியிருப்போம். வெறுங்கையோடு திரும்பி வந்து, கடையில் வாங்கிய மீனைப் பொரித்துச் சாப்பிடுவோம்.

அன்றைக்கு நீங்களும் வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கலாம், அன்ரன்.

இன்னும் உங்களோடு சண்டை முடியாத,
உங்கள் ரெஜினாவின் அம்மா