ஆறாவது சுற்று

ஜூன் 14, சனி

காலையில் மழை. குரோஷா பின்னல் குழு கூடும் ஹாலுக்குப் பத்மாவும் நானும் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனோம். காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஹால். மழையிலும் பெரும்பாலோர் வந்திருந்தார்கள்.

ரூபினி தன் முதல் பேட்டர்னை எழுதி முடித்துவிட்டாள். ஜீவனஹள்ளிப் பெண். வைட்ஃபீல்டில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போகவர உட்கார்ந்து பின்னுகிறவள். சின்னக் குழந்தைக்கான ஸ்வெட்டர், கழுத்தில் தொடங்கி வட்டமாக அகன்றுகொண்டே இறங்குவது. அதை எப்படிப் பின்னுவது என்று வரிவரியாக எழுதியிருக்கிறாள். இணையத்தில் விற்கப் போகிறாள். அதற்கு முன் இரண்டு பேர் அவள் எழுதியதை மட்டும் படித்துப் பின்னிப் பார்த்து, பிழை இருந்தால் சொல்ல வேண்டும். டெஸ்டிங் என்கிறார்கள்.

"அங்கிள், ஒரு டெஸ்டிங் நீங்க பண்ணணும். நீங்க ஓகே சொல்லிட்டா எனக்கு தைரியம்."

சரி என்றேன். இன்னொருவர் யார் என்று அவள் சுற்றிலும் பார்த்தபோது பத்மா கையைத் தூக்கினாள். ஊசி பிடித்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. "புதுசா கத்துக்கறவா பண்ணிப் பார்த்தா நல்லதுதானே?" என்றாள்.

இங்கே மட்டுமாவது எழுதி வைக்கிறேன். நான் இதுவரை ஒரு பேட்டர்னைக்கூடப் படித்துப் பின்னியதில்லை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தபின், விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தொடங்கியது இது. முதலில் வீடியோ பார்த்தேன். பிறகு படத்தைப் பார்த்தாலே கை போகத் தொடங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பத்திரிகை நிருபராக இருந்தவனுக்கு நாலு வரி படிக்க வராது என்று யாருக்குத் தோன்றும்? யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ரூபினி அனுப்பியதைத் திறந்தேன். எஸ்சி, ஐஎன்சி, அடைப்புக்குறி, நட்சத்திரம், நட்சத்திரத்திலிருந்து மறுபடியும். நான் சுருக்கெழுத்தில் ஹையர் பாஸ் செய்தவன். சட்டசபையில் மந்திரிகள் மூச்சு விடாமல் பேசியதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எடுத்தவன். இது தலையில் ஏறவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஸ்வெட்டரின் படம் இருந்தது. டேப்லெட்டில் பெரிதாக்கினேன். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது. வேறென்ன வேண்டும்?

தொடங்கிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

முடிந்தது. நன்றாகவே வந்திருக்கிறது.

பத்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தாளையும் நூலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறாள்.

"ஏன்னா, இந்த ஆறாவது சுத்து சரியா வரலை. பன்னண்டு தடவை போடணும்னு இருக்கு. பத்துலயே முடிஞ்சுடறது. கொஞ்சம் பார்த்துச் சொல்றேளா?"

"முந்தின சுத்துல ஸ்டிச்சை விட்டிருப்பே. எண்ணிப் பாரு."

"எண்ணினேன். அறுபது இருக்கணும்னு போட்டிருக்கு. அறுபது இருக்கு."

"எண்ணறதுலதான் தப்பு. எனக்கு வந்திருக்கே, பார்."

என்னுடையதை எடுத்துக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கத்தான் கூப்பிட்டாள். நான் தாளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு என்ன புரிந்திருக்கும்?

ஜூன் 24, செவ்வாய்

பிரித்துவிட்டு முதலிலிருந்து பின்னுகிறாள். இரண்டாம் முறை.

ஜூன் 28, சனி

ஹாலில் என் ஸ்வெட்டர் கை மாறிக் கை மாறிப் போனது. பத்மா தன்னுடையதைப் பைக்குள்ளிருந்து பாதிதான் வெளியே எடுத்தாள்.

"ரூபினி, அந்த ஆறாவது சுத்துல என்னமோ இடிக்கறதும்மா. மூணு தடவை பிரிச்சுட்டேன்."

ரூபினி என் ஸ்வெட்டரின் தோள் வட்டத்தைத் தடவிப் பார்த்தாள். "அங்கிளுக்கு கரெக்டா வந்திருக்கே ஆன்ட்டி. எங்கியோ கவுன்ட் விட்டிருப்பீங்க. எனக்கும் மொதல்ல அப்டித்தான் ஆவும்."

குழுவில் யாரையும் கேலி செய்யாமல் விடாதவர் டிரேவர். "சார் ஹெட்லைன். மேடம், நீங்க இன்னும் அச்சுப்பிழை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பத்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ரூபினி மொபைலிலேயே ஒரு படிவம் அனுப்பினாள். வரிகள் தெளிவாக இருந்தனவா, பிழை ஏதும் கண்டீர்களா. தெளிவு என்றும் பிழை இல்லை என்றும் தட்டி அனுப்பினேன். அனுப்பும்போது பத்மா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவரிடம் மட்டும் கன்னடத்தில் வழி சொன்னாள்.

ஜூலை 1, செவ்வாய்

நூலையெல்லாம் ஒரு கவரில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

"எனக்கு இது வரலை. விட்டுடறேன். சனிக்கிழமை நீங்க போயிட்டு வாங்கோ."

"இதுக்குப் போயா?" என்றேன். ஆறுதலாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு.

ஜூலை 9, புதன்

ரூபினியின் பேட்டர்ன் விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்குகிறார்களாம். குழுவில் ஒரே கைதட்டல் படங்கள். நானும் ஒன்று போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

ரூபினி கூப்பிட்டாள். குரல் ஒருமாதிரி இருந்தது.

"அங்கிள், வாங்கினவங்க மெசேஜ் பண்றாங்க. ஒருத்தர் இல்ல, அஞ்சாறு பேரு. ஆறாவது ரவுண்டு வரலைன்னு. ஒரு லேடி ஒரே ஒரு ஸ்டார் குடுத்துட்டாங்க. டெஸ்ட் பண்ணாம விக்கிறியான்னு கேக்கறாங்க. உங்களுக்கு எப்டி வந்துச்சு?"

"பார்த்துச் சொல்றேன்மா" என்றேன்.

அதிகாரிகள் எனக்கு எத்தனையோ முறை சொன்ன பதில். அந்தப் பதில் வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பேன். ரூபினி உட்கார்ந்திருக்கவில்லை. நம்பிப் போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

படிக்கிறேன். இந்த வயதில், ஒளிந்துகொண்டு, வாசல் அறையில். பத்மா கடைக்குப் போகும்போது எடுப்பதும் கேட் சத்தம் கேட்டால் மூடுவதும். பரீட்சைக்கு முன் பிட் எழுதுகிறவன்போல.

முதல் பக்கத்திலேயே சுருக்கங்களின் விளக்கம் இருக்கிறது. இவ்வளவு நாள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எஸ்சி என்றால் குட்டைக் கண்ணி. ஐஎன்சி என்றால் ஒரே கண்ணியில் இரண்டு போட்டு அகலப்படுத்துவது. அடைப்புக்குறிக்குள் இருப்பது திரும்பத் திரும்ப வருவது. அவ்வளவுதான். கடினம் அதில் இல்லை.

கடினம் என் கையில் இருக்கிறது. கண் வரியில் இருக்கும்போதே கை அடுத்ததைப் போட்டுவிடுகிறது. முந்தின சுற்றில் எங்கே இரட்டையோ, அதன் தலையிலேயே அடுத்த இரட்டை என்று அதற்குத் தெரியும். யாரையும் கேட்பதில்லை. மூன்றாம் சுற்றில் இரண்டு முறை பிடித்து நிறுத்தினேன்.

ஜூலை 16, புதன்

படத்தின் மேல் காகிதம் ஒட்டி மறைத்தேன். பத்மா செய்தபடி வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்தேன். சொன்னதை மட்டும் செய்வது, சொல்லாததைச் செய்யாமலிருப்பது. இரண்டாவதுதான் வரமாட்டேன் என்கிறது.

ஐந்தாம் சுற்று முடிந்தது. அறுபது.

ஆறாம் சுற்று. ஐந்து கண்ணிகளில் ஒவ்வொன்று, ஆறாவதில் இரட்டை, இப்படிப் பன்னிரண்டு முறை என்று எழுதியிருக்கிறது. போட்டேன். பத்து முறையோடு தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றேன். அறுபதில் ஆறு ஆறாக எடுத்தால் பத்து முறைதானே வரும்? பள்ளிக்கூடக் கணக்கு. நாலில் ஒவ்வொன்று, ஐந்தாவதில் இரட்டை என்று இருக்க வேண்டும். ரூபினி ஒரு எண்ணைத் தவறாக எழுதிவிட்டாள்.

என் கை அதைத் தவறாகவே செய்யவில்லை. சரியாகச் செய்து, அந்தப் பிழையை மூடிவிட்டது. ஒன்றும் தெரியாத பத்மாதான் அங்கே போய் நின்று, பாதை இல்லை என்று சொன்னாள். நீ நடந்தது தப்பு என்று நான் சொன்னேன்.

அவள் அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ச் சொல்ல எட்டு அடி இருக்குமா? போகவில்லை.

ஜூலை 17, வியாழன்

ரூபினிக்குப் போன் செய்து, ஆறாவது சுற்றில் ஐந்து என்பது நாலு என்று இருக்க வேண்டும் என்றேன். சொன்னது அவ்வளவுதான். எப்படித் தெரிந்தது, எப்போது தெரிந்தது, முதலில் யாருக்குத் தெரிந்தது — எதுவும் சொல்லவில்லை.

"தேங்க்ஸ் அங்கிள். நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வாய் திறந்துதான் இருந்தது. "சரிம்மா, வச்சுடறேன்" என்று வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

திருத்திய பேட்டர்ன் நேற்று வந்துவிட்டது. கீழே, பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்த சுந்தரராமன் சாருக்கு நன்றி என்று போட்டிருக்கிறாள்.

பத்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மொபைல் பக்கத்தில் இருந்தது.

"உங்க பேர் போட்டிருக்காளே."

"ம்."

"ஆறாவது சுத்துதான் போலிருக்கு."

"பத்மா, அது வந்து..."

"படத்தைப் பார்த்துண்டுதானே பின்னினேள். அன்னிக்கே தெரியும். டேப்லெட் என் எதிர்லதானே இருந்தது." கத்தி நிற்கவில்லை. "முப்பது வருஷம் ஆபீஸ்ல டைப் அடிச்சவ நான். தாள்ல இருக்கறதைத்தான் அடிப்பேன். எண்ணத் தெரியாமயா போயிடும்?"

"தெரிஞ்சா ஹால்லயே சொல்லியிருக்கலாமே."

"அத்தனை பேர் எதிர்ல, இவர் படிக்காம பொய் சொல்றார்னு சொல்லணுமா? நீங்களே சொல்லுவேள்னு இருந்தேன். அங்க முடியலைன்னா ஆத்துக்கு வந்தாவது சொல்லுவேள்னு. இருபது நாளா இருக்கேன்."

நான் என்ன செய்வேன்? கேள்வி கேட்டே பிழைத்தவனுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை — இப்படி எழுதுவதுகூட அழகுக்குத்தான். இந்த வரியை அடிக்க வேண்டும். பயமாக இருந்தது, அவ்வளவுதான். வெட்கமாயிருந்தது. இப்பவும் இருக்கு.

"நகருங்கோ, குக்கர் வைக்கணும்" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

திருத்தம் எழுத உட்கார்ந்தேன். முதலில் 'என் கவனக்குறைவால்' என்று எழுதினேன். கவனக்குறைவு இல்லை. கவனமாகவே செய்தேன். அடித்தேன். 'நேரமின்மையால்' — அதுவும் பொய். பகல் முழுக்க என்ன வேலை எனக்கு? கடைசியில் குழுவுக்கு அனுப்பியது இது:

திருத்தம். ரூபினியின் பேட்டர்னில் ஆறாவது சுற்றில் பிழை உண்டு என்று ஜூன் 28 அன்று ஹாலில் சொன்னவர் பத்மாசினி. நான் பேட்டர்னைப் படிக்காமல் படத்தைப் பார்த்துப் பின்னிவிட்டு, பிழை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பேட்டர்ன் படிக்க எனக்கு அப்போது தெரியாது. தெரியும் என்று எல்லோரும் நினைப்பதை அறிந்தும் சொல்லவில்லை. நன்றியில் இருக்க வேண்டியது அவர் பெயர்.

எல்லோரும் பார்த்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. யாரும் ஒன்றும் எழுதவில்லை. டிரேவர்கூட.

ஜூலை 22, செவ்வாய்

ரூபினி ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள்.

"படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே உக்காந்து சொல்லிக் குடுத்திருப்பேன்ல அங்கிள்? அத வுடுங்க. ஆன்ட்டிய கவுன்ட் தெரியாதவங்க மாதிரி பேசிட்டேன். அவங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

"தப்பு என்னோடதும்மா."

"ஒங்களோடதுதான். இல்லன்னு நான் சொல்லல. இனிமே டெஸ்டிங் உங்களுக்குத் தர மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

பத்மா திருத்தத்தைப் படித்திருக்கிறாள். மதியம் மோர்க்குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

ஹாலுக்குப் போனேன். போகாமலிருந்தால் அதுவும் ஒரு ஒளிவு என்று தோன்றியது. டிரேவர் காபி எடுத்து வந்து கொடுத்து, வானிலை பற்றிப் பேசினார். கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரூபினி வீட்டுக்கு வந்தாள். கையில் மல்லிகையும் ஒரு பொட்டலம் காராசேவும். பத்மாவும் அவளும் சமையலறையில் நெடுநேரம் பேசினார்கள். சிரிப்புக் கேட்டது. நான் வாசல் அறையிலேயே இருந்தேன். போகும்போது, "வரேன் அங்கிள்" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

ஆகஸ்ட் 16, சனி

பத்மா தனியாக ஹாலுக்குப் போனாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "இன்னிக்கு வேண்டாம்" என்றாள்.

செப்டம்பர் 6, சனி

இப்போதெல்லாம் சனிக்கிழமை அவளுடையது. ரூபினியின் இரண்டாவது பேட்டர்ன், ஒரு சால்வை, டெஸ்டிங்குக்கு அவளிடம் வந்திருக்கிறது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஹாலுக்கு நான் போய் ஐந்து வாரமாகிறது.

மத்தியானம் திரும்பி வந்தவள், சாப்பிட்டு முடித்துத் தாள்களை என் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு கையும் நூல்ல இருக்கு. வரி தப்பிப் போறது. நீங்க படிங்கோ. நான் பின்னறேன்."

படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அவள் தலையை ஆட்டிய பிறகுதான் அடுத்தது. ஒன்பதாம் வரிசையில் விளிம்பு திரும்பும் இடம் வந்தது. என் விரல்கள் மேஜையில் தாமாக அசைந்தன.

"இங்கே ஒரு இரட்டை வரணும்" என்றேன்.

ஊசி நின்றது. "எழுதியிருக்கா?"

பார்த்தேன். "இல்லை."

"அப்போ போட மாட்டேன். போடாம என்ன ஆறதுன்னு பார்த்துட்டு, ரூபினிக்கு எழுதறேன். நீங்க மேல படிங்கோ."

மேலே படித்தேன்.