கடைசி வரிசைக் குழாய்

கைப்பையைத் துழாவினேன், புளியங்கொட்டை நெருடியது. நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இன்னும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஜீப்பில் இருப்புக்கொள்ளவில்லை எனக்கு. உத்திரமேரூர் ஏரிக்கரைக் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர்த் திட்டத்தை மதிப்பிடும் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. "எல்லாருக்கும் திருப்திதானே?" என்றார் அதிகாரி. கைகள் உயர்ந்தன. போனில் படம் எடுத்தார், கிளம்பிவிட்டோம். என் கையெழுத்தோடு அப்படியே அறிக்கை போனால் திட்டத்தை மூடிவிடுவார்கள்; அப்புறம் ஒரு முழம் பைப்புகூட வராது.

நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா? இதே உத்திரமேரூர்ப் பக்கம் நாம் சேர்ந்து போன முதல் ஊரில் கோலமாவால் இரண்டு வட்டம் போட்டோமே. தண்ணீர் வந்தால் இதில் ஒரு கொட்டை, வராவிட்டால் அதில். ஊர்ச் சனம் போட்டவை ஒன்று விடாமல் முதல் வட்டத்திலேயே விழுந்தன. ஊர்த் தலைவரின் ஆள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, உனுக்கும் ஒரு கொட்ட வேணுமா? போயி டீ குடிச்சிட்டு வா" என்று அவனைக் கிளப்பிவிட்டாய். புடவையைத் திரையாகக் கட்டி, உள்ளே இரண்டு குடம் வைத்து மறுபடி போடச் சொன்னாய். வரவில்லை என்ற குடம்தான் நிரம்பியது. "குடவோல போட்ட சீமைடி இது! மறைப்பு கட்டுனாதான் வாய் தொறக்கும்" என்று சிரித்தாய் பார், அப்படி ஒரு சிரிப்பு.

உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஊரையெல்லாம் பேசவைத்தவள், உன்னைக் கொண்டுபோன நெஞ்சுவலியை என்னிடம்கூடச் சொல்லவில்லையே! உன்னை நான் கேட்டிருக்க வேண்டாமா என்று தினமும் மனசு அடித்துக்கொள்கிறது.

இன்றைய கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கை தூக்கவில்லை. அவள் முகமே கண்ணில் நின்றது. "சார், நான் எறங்கிக்கிறேன்" என்றேன். "இன்னா மேடம், டைம் ஆவுது" என்று டிரைவர் சலித்துக்கொண்டார். இறங்கித் திரும்பி நடந்தேன்.

கடைசி வரிசையில் அவள் வீடு. "இன்னாக்கா, நீ இன்னும் போவலியா?" என்றாள்.

"போவல. உங்க வூட்டுக் கொயாவத் தொற, பாக்கலாம்."

திருகினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. "எங்க வரிசைக்கே இப்டித்தாங்க்கா கீது. அந்த ஆபீசரு எங்கள எங்க கேட்டாரு?"

கேட்டேன். வீடு வீடாக உட்கார்ந்து கேட்டேன். பொழுது சாய்ந்துவிட்டது. கடைசி பஸ்ஸில் வந்து இதை எழுதுகிறேன். அதிகாரி போன்மேல் போன் போடுகிறார். அறிக்கையில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.