யாரும் போடாத டேட்டாபேஸ்

செவ்வாய், இரவு.

காலையில் ஆபீஸ் சர்வரின் மெமரியை ஒரு டேட்டாபேஸ் விழுங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுவியதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மேலாளர் சம்பத் உடனே துப்பறிவாளராகிவிட்டார். ஒப்பந்த ஊழியர் ஸ்டெல்லாதான் திருட்டுத்தனமாகப் போட்டாள் என்று முடிவுகட்டி, அவளுடைய அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"சத்தியமா நான் அதைத் தொடவே இல்ல மேடம். வேலை போயிடுமா?" என்று என்னிடம் வந்து நின்றாள்.

போய்ப் பார்த்தேன். அது சர்வரின் இயங்குதளத்தோடேயே வருவது. அப்டேட்களை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பும் சேவையை நிறுவினால், கூடவே தானும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சேவையை நிறுவியவர் சம்பத். திரையில் வந்ததைப் படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்தியிருப்பார். அந்தச் சாதனைக்காக அன்று எங்களுக்கெல்லாம் தார்வாட் பேடா இனிப்பும் கொடுத்தார்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அய்யோ, ஹோக்லி பிடி, விடுங்க மேடம்," என்று கன்னடம் கலந்து சிரித்தார். "சிஸ்டம் பண்ணதுக்கு யாரைத் திட்டுறது?"

"காலையில மட்டும் ஆள் கிடைச்சுதே சம்பத்?"

அட்டையை மேசைமேல் தள்ளினார், பிச்சை போடுவதுபோல.

ஸ்டெல்லா அதை எடுத்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்," என்றாள்.

அவருக்கு.