பெயர் சொல்ல மறுத்த வீடு

போன கிழமை, ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஸ்ட்ரோம்மனில் ஒரு பிறந்தநாள். ஒரே கேக் துண்டு பிள்ளையின் வாயிலிருந்து பெரியம்மாவின் வாய்க்கும், பிறகு மாமாவின் வாய்க்கும் போனது. அந்தக் கிரீம் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான். "கேக்கே உது? ஊரெல்லாம் ஒரு எச்சில்" என்பாய். பக்கத்தில் நின்றவர் உன்னை நினைத்து, "அவ மாதிரி ஒரு நேர்ஸ் இனி எங்கடை சனத்துக்குக் கிடைக்காது" என்று பெருமூச்சு விட்டார். யார் தெரியுமா? மகனின் நோயை மறைத்த அதே மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பையனுக்குக் கக்குவான் இருமல் என்று தெரிந்த அன்று, தமிழ்ப்பள்ளியில் அவனுக்குப் படிப்பித்த என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான், தொற்றுநோய் விசாரிக்கும் நேர்ஸான நீ அவன் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தாய். முந்திய கிழமை அவனுடைய பிறந்தநாள். யார் யார் வந்தார்கள் என்று கேட்டாய்.

"வீட்டாக்கள் மட்டும்தான் தங்கச்சி. வெளியாக்கள் ஒருத்தரும் இல்லை."

மண்டபம் பிடித்துக் கொண்டாடியது பிறகுதான் தெரிந்தது. நீயோ பொறுமையாகத் தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியாவின் கதையைச் சொன்னாய். நூறு வருடத்துக்கு முன்னால் இதே ஒஸ்லோப் பள்ளிகளில், பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையையும் துடைத்துச் சோதித்தார்களாம். ஓடி விளையாடுகிற பிள்ளையும் கிருமியைக் காவுமாம். கிருமி இருந்தால் தனி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தாய்மார் பிள்ளைகளை ஒளித்தார்களாம்.

"கொண்டுபோன பிள்ளை திரும்பி வருமோ எண்டு அவைக்குப் பயம். உங்களுக்கு என்ன பயம் அண்ணை?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். சனம் என்ன சொல்லும் என்ற பயம், வேறென்ன!

அந்த மண்டபத்தில் பிறந்து மாதமாகாத ஒரு குழந்தையும் இருந்தது. ஒருவரும் சொல்லாததால் தாய் வெறும் சளி, தடிமன் என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறாள். நீலம் பாரித்த பிறகுதான் ஆசுப்பத்திரி. பிழைத்தது. "பிள்ளை தப்பிட்டுதுதானே, ஏன் உதைப் பெரிசாக்கிறா?" என்றார் அவர். உனக்குப் பொலிஸ்காரி என்று பட்டம் வைத்தார்கள், நன்மை தின்மைக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். செத்த பிறகு இப்போது நீ தெய்வமாம். தெய்வமென்றால் தொலைபேசி எடுத்துக் கேள்வி கேட்காதல்லவா.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். அவர்களை ஒரு வார்த்தை திட்டாமல் போய்விட்டாயே.

இன்று காலை, போன கிழமைப் பிறந்தநாள் பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்தாள். இருமலுக்குச் செய்த பரிசோதனையின் முடிவு வந்துவிட்டதாம். "கக்குவானாம், டீச்சர். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் கத்திவிட்டேன். உன் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. உன் கேள்வி மட்டும் வாயில் நின்றது. "ஆர் ஆர் வந்தவை? கைக்குழந்தை இருக்கிற வீட்டை முதல் சொல்லும்."

அழுதுகொண்டே சொன்னாள். அந்த வீட்டுக்கு நானே எடுத்தேன்.

"பிள்ளைக்குக் கொஞ்சம் தடிமன்தான் அக்கா. இப்ப நல்லா நித்திரை கொள்ளுது."

"எழுப்பு," என்றேன். "எழுப்பித் தூக்கிக்கொண்டு இப்பவே டொக்டரிட்டைப் போ."