ஓலைக் கொட்டானில் ஒரு சீமைச் சீஸ்

மாப்பிள்ளை,

இப்போது நான் எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒரு ஜீவன் நம்பாது. செவலைப் பசுவின் வாலைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் நம்பவில்லை, வாலை உதறிக்கொண்டு போய்விட்டது. நம்பக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான், ஏனென்றால் பாதிக் கதைக்கு நீ கூட்டாளி. நீயும் போய் இன்றோடு ஒரு வருஷம்.

விடியக்காலையில் கண்விழித்ததும் ஒரு வாசம். பாலும் இல்லை, மோரும் இல்லை. ஈரத் துணிக்குள் வெதுவெதுப்பாகப் புளிக்கத் தொடங்குமே, அந்த வாசம். வண்டிக் கொட்டகைப் பக்கமிருந்து வந்திருந்தால் நீதான் வந்திருக்கிறாய் என்று கும்பிட்டுவிட்டு மறுபடி படுத்திருப்பேன். வந்ததோ உங்கக்காளின் அடுப்படியிலிருந்து! பால் திரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்று, திரிந்த பாலைக் கொல்லையில் கொட்டி, சட்டியைக் கவிழ்த்து, மூன்று நாள் என் முகத்தையும் பார்க்காமல் இருக்கும் மகராசியின் அடுப்படியிலிருந்து. மூக்கு பொய் சொல்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் இந்த உடம்பில் பொய் சொல்கிற உறுப்பு வாய் ஒன்றுதான் என்பது நினைவுக்கு வந்தது.

அந்த வாய்தானே உன்னை மாட்டிவிட்டது.

யுத்தத்தில் ரங்கூனை விட்டு, காடும் மலையும் நடந்தே நீ வந்து சேர்ந்தபோது உன்னிடம் இருந்தவை ஒரு சட்டை, ஒரு தகரப் பெட்டி, வெள்ளைக்காரன் வீட்டில் சமைத்த இரண்டு கை. அக்காள் போட்ட சோறு உனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. "சும்மா உக்காந்து திங்கிறதுக்கு, வந்த வழியிலயே விழுந்திருக்கலாம் மச்சான்" என்றாய் ஒரு நாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம் அன்னவாசல் சந்தையில் திருமயம் பங்களாவின் பட்லரைப் பார்த்தேன். பங்களாவுக்குச் சமையல்காரன் தேவை என்றார். கப்பல் நின்றுபோய் சீஸ் டின் வருவதில்லை, வந்து தங்குகிற துரை ரொட்டியைப் பார்த்து முறைக்கிறார் என்றும் சொன்னார். அத்தோடு நான் நடையைக் கட்டியிருக்கலாம்.

"சீஸா? என் மச்சினன் செஞ்ச சீஸைத் தின்னுட்டு ரங்கூன்ல ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகவே மாட்டேன்னுட்டாருங்க!"

பட்லர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப செஞ்சு கொண்டாரச் சொல்லுங்க. பங்குனி உத்தரம் கழிச்சு துரை வாராரு. சீஸ் இருந்தா வேலை. இல்லாட்டி இங்கிட்டு வரவே வேணாம்."

அப்போது மாசி முதல் வாரம். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் முகத்திலிருந்த ரத்தம் திரும்ப ரங்கூனுக்கே நடந்துவிட்டது.

"மச்சான், நான் அதை வெட்டித்தான் பழக்கம். செஞ்சதே கெடையாது. அங்க அது டின்னுல வரும்!"

"வெட்டத் தெரிஞ்சவனுக்கு ஒட்டத் தெரியாதா?" என்றேன் நான். அறிவாளி!

ரங்கூனில் உன் துரை வீட்டு அம்மாள் ஒரே ஒரு தடவை வீட்டில் செய்து பார்த்தது உனக்கு நினைவிருந்தது. வெதுவெதுப்பான பாலில் என்னவோ விட்டாளாம். என்ன என்று கேட்டேன். "கண்ணுக்குட்டி இரைப்பையில எடுக்குற சத்து" என்று காதோடு சொன்னாய். உன் வாயைப் பொத்தினேன். செவலை பக்கத்திலேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. உங்கக்கா காதில் விழுந்திருந்தால் நம் இருவரையும் ரங்கூன் வரை நடத்தியே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்திருப்பாள். அவள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "பாலைக் கெடுக்குறதுன்னா அங்கிட்டு வச்சுக் கெடுங்க. என் அடுப்புல கூடாது."

ஆகவே வண்டிக் கொட்டகையில் மூன்று கல் வைத்து ஓர் அடுப்பு. எலுமிச்சை விட்டோம், புளி விட்டோம், காடியும் விட்டோம். பால் பயந்து ஒவ்வொரு திசைக்கு ஓடியது. பிழிந்தால் உதிரி உதிரியாய் நின்றது. "இது உதிருது மச்சான். சீஸுன்னா கத்திக்கு வளைஞ்சு குடுக்கணும்" என்று நீ தலையில் கை வைத்தாய். அப்போதுதான் எனக்கு ஆடு மேய்த்த காலம் நினைவுக்கு வந்தது. தொன்னையில் ஆட்டுப்பாலைப் பீய்ச்சி, அத்திக்கிளையை ஒடித்து அதன் பால் சொட்டச் சொட்டக் கலக்கி வைத்தால் உறைந்துவிடும், அள்ளித் தின்போம். உன்னிடம் சொன்னேன். நீ நம்பவில்லை. சரிதான், நான் சொன்னதை எதற்கு நம்ப வேண்டும்?

கிணற்றடி அத்தியில் ஒரு கிளை ஒடித்தோம். பச்சைப்பிள்ளைக்கு ஊற்றும் தண்ணீர்ச் சூட்டில் பால். ஏழெட்டுச் சொட்டு. மூடி வைத்தோம். வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் நீ பத்துத் தடவை திறந்து பார்த்துவிட்டாய். பிறகு விரலை விட்டுத் தூக்கினாய். பால் கண்ணாடி மாதிரிப் பிளந்தது, விரலில் ஒட்டவில்லை. இரண்டு பேரும் சட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். "புளிக்கவும் இல்லை, கொதிக்கவும் இல்லை. மரத்துப் பாலுக்கு மாட்டுப் பாலு ஏன் மச்சான் கட்டுப்படுது?" என்று கேட்டாய். இன்றுவரை எனக்கு விடை தெரியாது. அன்றைக்கு மட்டும் இரண்டு பாலும் தூரத்துச் சொந்தம் என்று அடித்துவிட்டேன்.

மூங்கில் சிம்பால் அதை அறுத்து, துண்டில் கட்டித் தொங்கவிட்டு, ஓலைக் கொட்டானில் அமுக்கி, மேலே குழவிக்கல்லை ஏற்றினோம். மறுநாள் கவிழ்த்தால் கொட்டான் பின்னல் அச்சு விழுந்த வெள்ளை வட்டம். அடடா! பௌர்ணமியே பொறாமையில் இரண்டு நாள் உதிக்கவில்லை.

அடுத்த முட்டாள்தனம் என்னுடையது. நம் ஊரில் நாள்பட நிற்க வேண்டிய எதுவும் வெயில் பார்த்தாக வேண்டும். வத்தல், வடகம், உப்புக்கண்டம், நெல். சீஸ் மட்டும் என்ன ஒசத்தி? பாய் விரித்துக் காயப்போட்டேன். உச்சி வேளைக்குள் அது கல்யாண வீட்டில் தின்றுவிட்டு வந்த சம்பந்தி மாதிரி வேர்த்து ஒழுகிச் சாய்ந்துவிட்டது. அந்த நெய் ஓடி இலுப்பூர்க் கண்மாய் ஒரு முழம் ஏறியது. மிச்சத்தைக் காக்கைகள் தின்றன. தின்ற காக்கைகள் பறக்க முடியாமல் நடந்தே கூட்டுக்குப் போயின.

நீ சிரிக்கவில்லை. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். எனக்கு முதல்முறையாக என் வாயைப் பார்த்துப் பயம் வந்தது. "மாப்ளே, நான் போயி அந்தப் பட்லருகிட்ட உள்ளதைச் சொல்லிப்புடுறேன்" என்றேன்.

"நீங்க உள்ளதைச் சொன்னா எவன் மச்சான் நம்புவான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து அத்திக்கிளை ஒடிக்கப் போனாய்.

இரண்டாவது வட்டத்தைப் பானைக்குள் வைத்து, பானையைக் கொட்டகையில் ஈர மணலில் புதைத்தோம். நாலாம் நாள் திறந்தால் பச்சையாய்ப் பூஞ்சை பூத்திருந்தது. போச்சு என்று அப்படியே மூடிவிட்டு வந்தோம். ஆனால் உனக்கு மனசு கேட்கவில்லை, மறுநாளும் போய்த் திறந்தாய். பூஞ்சையைக் காணோம்! யாரோ துடைத்து, திருப்பிப் போட்டு, மேலே உப்பும் தடவியிருந்தார்கள். அதற்கடுத்த நாள் நல்லெண்ணெய், பிறகு மஞ்சள். அய்யனாரே குதிரையை விட்டு இறங்கி வந்து செய்வதாக நான் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். நீதான் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அக்கா ஊறுகாய்ச் சாடிக்குப் பாக்குற பக்குவம்" என்றாய்.

போய்க் கேட்டோம். "நான் எதுக்கு அந்தக் கருமத்தைத் தொடப்போறேன்? கொட்டகையைக் கூட்டப் போனேன்" என்றாள். விரலெல்லாம் மஞ்சளும் எண்ணெயும். இரண்டடி போய்த் திரும்பி, "ஆனா ஒங்களுக்கு உப்புப் போடவே தெரியலை" என்றாள்.

உத்தரம் கழிந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் இருமி இருமித் திருமயம் போனோம். கொட்டான் உன் மடியில். பட்லர் திறந்து பார்த்து, "என்னங்க இது, மஞ்சளா இருக்கு?" என்றார். "சீமையில வேற எப்படி இருக்கும்?" என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். நீ உள்ளே போனாய். நான் வெளியே வேப்பமரத்தடியில், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். துரை ஒரு துண்டு வாயில் வைத்ததும் எழுந்து நின்று அழுததாகவும், திருமயம் கோட்டைப் பீரங்கி தானாகவே மூன்று முறை வெடித்ததாகவும் பிற்பாடு ஊரில் சொன்னது நான். நீ வெளியே வந்து சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணும் சொல்லலை மச்சான். இன்னொரு துண்டு வெட்டச் சொன்னாரு."

வேலை கிடைத்தது. முதல் மாதம் நீ அரிசி மூட்டையோடு வந்து இறங்கினாய். அன்றைக்குத்தான் நம் வீட்டில் நீ முதல்முறையாக மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அது என் கண்ணிலேயே நிற்கிறது. அப்புறமும் நான் அளப்பதை விடவில்லை. ஆனால் அளக்குமுன், அது யார் தலையில் போய் விழும் என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அது.

இன்று மத்தியானம் உனக்கு இலை போட்டாள் உங்கக்கா. சோறு, வடை, பாயசம், அவரைக்காய். இலையோரத்தில் மஞ்சள் தடவிய ஒரு துண்டு, கொட்டான் அச்சோடு.

"பால் திரிஞ்சா வீட்டுக்கு ஆகாதே?" என்றேன்.

"இது திரிஞ்சது இல்லை, ஒறைஞ்சது. என் தம்பிக்கு. பேசாம இருங்க."

எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துச் சுவரில் வைத்துக் கூப்பிட்டாள். ஒரு காக்கை வந்தது. வடையைக் காலால் தள்ளியது, பாயசத்தைப் பார்க்கவே இல்லை. அந்த மஞ்சள் துண்டைக் கவ்விக்கொண்டு போய் வண்டிக் கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து, நிதானமாகத் தின்றது.

கண்மாய் ஏறியதும் பீரங்கி வெடித்ததும் போகட்டும், மாப்பிள்ளை. மற்றதில் எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியாது. இந்தக் காக்கை விஷயம் மட்டும் நிஜம். பக்கத்தில் உங்கக்கா நின்றாள், கேட்டுக்கொள்.