திட்டமிட்ட பாராமுகம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான்கு வீடியோ. வகுப்பறைகளின் பின்சுவரில் கேமரா வைத்து எடுத்தவை. இருபது விநாடிக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி, ஆசிரியர் என்ன செய்கிறார், பிள்ளைகளின் கவனம் எங்கே என்று குறியீடு போடுவது என் வேலை. 'பாடத்தில் ஈடுபாடு' என்று ஆராய்ச்சிக்குப் பெயர். அம்மாவுக்கு விளக்கினால், "டிவி பாக்கறதுக்குக்கூட ஒரு உத்தியோகமா?" என்கிறாள்.

ஒரே வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். என் ஜோடி எதிர்மேஜை ஸ்கேல் அண்ணன். வரி மாறாமல் இருக்கத் தாளின் மேல் ஸ்கேல் வைத்துக்கொண்டே எழுதுவார். நூறு குறியீட்டில் தொண்ணூறு எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும். வீட்டுக்காரரோடு பத்துகூடத் தேறாது.

மார்ச் 5, வியாழன்

பதினேழாம் வீடியோவில் பாடம் நடத்துவது என் தங்கை.

மூன்றாம் வகுப்பு, கணக்குப் பாடம். அவள் பள்ளியும் இந்த ஆராய்ச்சியில் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாராவது வீடியோவில் வந்தால் உடனே மேடத்திடம் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும் என்று விதி. மேடம்தான் இந்த ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியை. வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் சொல்லவில்லை. ஏன்? ஐந்து மாதமாக அவளும் நானும் பேசுவதில்லை. நாற்பது நிமிடம் அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். அவ்வளவுதானா?

மார்ச் 6

நடந்ததை எழுதியே விடுகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு முதல் நாள், யார் லீவு போடுவது என்று அவளோடு சண்டை. மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகவே கூப்பிட்டேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார், இவள் திரும்பவில்லை. கல்லுளிமங்கி.

பிறகு மெசேஜ் மட்டும் வந்துகொண்டிருந்தது. போனில் பேச வாய் வராதவளுக்கு மெசேஜ் என்ன கேடு என்று நான் பதிலே போடவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஸ்கேல் அண்ணன் பதினேழாம் வீடியோவுக்கான எங்கள் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். நூற்றுக்கு ஐம்பத்து நான்குதான் ஒத்துப்போகிறது.

பிள்ளை பதில் சொல்லும்போதெல்லாம் தங்கை அந்த மேஜைக்கே நடந்துபோய்க் குனிகிறாள். அவர் போட்டது 'நெருங்கி ஈடுபடுத்துதல்'. நான் போட்டது 'நடமாட்டம்'. ஒவ்வொரு பதிலையும் வகுப்பு முழுவதையும் திரும்பச் சொல்ல வைக்கிறாள். அவருக்கு அது 'கூட்டுப் பங்கேற்பு'. எனக்கு 'நேர விரயம்'. கேமராவுக்காக நடிக்கிறாள் என்றுதான் பட்டது, ஆனால் நடிப்புக்குக் குறியீடு கிடையாது.

"இப்படி ஒரு டீச்சர நான் இந்த வருஷம் பாக்கலம்மா," என்றார். வயிறு எரிந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் இருக்கும்?

மார்ச் 10

பதினேழாம் வீடியோவை மற்ற ஆசிரியர்களின் பயிற்சிக்குக் காட்டலாம் என்கிறார் மேடம்.

மார்ச் 11, புதன்

ஒத்துப்போகாத இடங்களை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். பன்னிரண்டாம் நிமிடம். அவள் பலகையில் எழுதுகிறாள். அவளுக்கு இடப்பக்க வரிசையிலிருந்து ஒரு பையன் "டீச்சர்" என்கிறான். மறுபடியும் "டீச்சர்". மூன்றாம் தடவையும். திரும்பவில்லை.

ஸ்கேல் அண்ணன் 'திட்டமிட்ட பாராமுகம்' என்று போட்டிருந்தார். கை தூக்காமல் கத்தும் பிள்ளையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு ஒழுங்கு பழக்குவது. அதற்கு நல்ல மதிப்பெண் உண்டு.

ஆனால் எனக்கு அந்தப் பிடரி தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே பிடரி. அதில் ஒரு விறைப்பும் இல்லை. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் விறைப்பது கழுத்துதான், மூன்று வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு இது ஏன் எனக்குத் தெரியவில்லை?

"இன்னொரு தடவ போடுங்கண்ணா," என்றேன். ஐந்து தடவை போட்டார்.

மார்ச் 12

தனியாக எண்ணிப் பார்த்தேன். முகம் திரும்பியிருக்கும்போது அவள் இடக்காதுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டது பதினொரு தடவை; திரும்பியது ஒரே தடவை. வலக்காதுப் பக்கம் ஒன்பது, திரும்பியது எட்டு. ஒவ்வொரு மேஜையிலும் குனியும்போது நீட்டுவது வலக்காதைத்தான்.

அல்லது, எனக்குச் சண்டை தீர்ந்தால் போதும் என்பதால் இதெல்லாம் எனக்கு இப்படித் தெரிகிறதா? ஒருத்தி கண்ணை நம்பக்கூடாது என்றுதானே இரண்டு பேரை உட்கார வைக்கிறார்கள்? மேடத்திடம் சொன்னால் விஷயம் பள்ளிக்குப் போகுமோ? அவளிடமே சொன்னால் போட்ட கையெழுத்து என்ன ஆவது? சொல்லாமல் இருந்தால் நான் என்ன அக்கா? தலைகால் புரியவில்லை. இன்று உப்புமாவில் உப்பே போடவில்லை, அதைச் சாப்பிட்டு முடித்தபிறகுதான் வீட்டுக்காரர் சொன்னார்.

மார்ச் 13, வெள்ளி

அவள் என் தங்கை என்பதை மட்டும் மேடத்திடம் சொன்னேன். காதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"மொத நாளே சொல்லியிருக்கணும். இது சின்ன விஷயம் இல்ல," என்றார். வீடியோ வேறு ஜோடிக்குப் போகிறது. ஒரு மாதத்துக்கு எனக்குத் தாள் அடுக்கும் வேலை. வீடியோவில் பார்த்த எதையும் அவளிடம் பேசக்கூடாது என்றார். சரி என்றேன். பேசக்கூடாதுதான். தங்கையைப் போய்ப் பார்க்கக்கூடாது என்று எந்தத் தாளிலும் இல்லை.

மார்ச் 14

பாதி வழி போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். கதவைத் திறந்தவள், "வாக்கா," என்றாள். அவ்வளவுதான். ஐந்து மாதம் நான் மட்டும்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேனா?

சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடப்பக்கமாகப் போய் நின்று, எப்போதும் பேசும் குரலில், "உன் பச்சைக் கம்மலத் தொலைச்சது நான்தான்," என்றேன். பன்னிரண்டு வருடமாக அதற்காக என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள். தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்துப் பதறினாள். அவள் இடக்காதைத் தொட்டேன். பிறகு அவளும் அழுதாள்.

"ஒன்ற வருஷமாச்சுக்கா. இப்ப வலதும் லேசா… ஸ்கூல்ல தெரிஞ்சா கிளாஸ எடுத்துட்டு ஆபீஸ்ல உக்கார வெச்சிருவாங்க."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா காது கேக்கலன்னு எழுதிக் குடுத்துருவாருல்ல? பசங்களோட நான் நல்லாத்தான்க்கா இருக்கேன்."

தெரியும் என்று சொல்ல வாய்வரை வந்தது. மென்று விழுங்கினேன்.

மார்ச் 18

அம்மா போனில்: "ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களாமே. எனக்கு யார் எத சொல்றீங்க?"

மார்ச் 24, செவ்வாய்

காது டாக்டரிடம் போக இரண்டு பேரும் லீவு போட்டோம். யார் போடுவது என்று சண்டை வரவில்லை.

கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று அவள் கட்டைவிரலையே பார்த்தேன். வலக்காதுக்கு அசைந்தது, சில சமயம் தாமதமாக. இடக்காதுக்குச் சோதனை முடியும்வரை அசையவே இல்லை. முகத்தில் மட்டும் வகுப்பில் இருக்கும் அதே புன்சிரிப்பு. இடக்காது இனிக் கேட்காது என்றார் டாக்டர். வலதுக்குக் கருவி வைத்தால் வகுப்பு நடத்த ஒரு தடையும் இல்லையாம். திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் தானே சொல்லப்போவதாகச் சொல்கிறாள். என்ன ஆகுமோ.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது என் கையைப் பிடித்து இழுத்து என்னைத் தன் வலப்பக்கம் விட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்னக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ."



"கிட்ட வந்து தொட்டிருக்கலாம்லக்கா."

பஸ் வரும்வரை அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றேன்.