வண்டியில் ஏறினாலே வேலைதான்

அன்புச் சண்முகத்தாய்க்கு,

மும்பையில் நான் சுகம். தாயில்பட்டியில் நீயும் பிள்ளைகளும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

பதறாதே. கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கூட்டிப்போன ஹெலிகாப்டர் தொம்மென்று இறங்கியதில் இடது கை லேசாக முறிந்துவிட்டது.

“வேலை தொடங்கும் முன்னாடி பட்ட அடிக்கு நஷ்டஈடு கிடையாது” என்றார் மதுரைக்கார மேனேஜர். உங்கள் பட்டாசுக் கம்பெனி வேன் கவிழ்ந்தபோது நீ போட்ட சத்தத்தையே நானும் போட்டேன்.

“கம்பெனி வண்டியில ஏறுனாலே வேலைதாம்யா!”

“யாருய்யா உன் வக்கீல்?”

“தாயில்பட்டியில சரவெடி பின்னுறாக!”

சங்கத்து வக்கீலும் சட்டம் உன் பக்கம்தான் என்று சிரித்தார். கம்பெனி இறங்கி வந்துவிட்டது.

நர்ஸ் ஊசியோடு வருகிறார், முடிக்கிறேன். பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு. ஒரு கையால் பொத்தான் போட முடியவில்லை. போட்டுவிட ஊரிலிருந்து ஆள் கேட்கலாமா என்று வக்கீலிடம் விசாரித்தேன். அதற்குச் சட்டம் இல்லையாம்.

உன்
சங்கிலிமுத்து